ஆண்டுக்கு ஆறு துளைகள்

பகல் முழுக்க ஒரு கம்பிக்குக் கீழே ஓடுகிறேன்.
ஹெல்சிங்கி டிராம். தலைக்கு மேல் அறுநூறு வோல்ட்.
அது காட்டும் தெரு தவிர
எனக்கு வேறு தெரு இல்லை.
நவம்பரில் கம்பியில் உறைபனி ஏறினால்
நீலப் பொறி சிதறும்,
பின்சீட்டில் யாராவது ஒரு குழந்தை கைதட்டும்.

வேலை முடிந்து சீருடையோடே கடைக்குப் போனேன்,
ஒரு டிரில் வாங்க.

"வயர் வைத்ததா, வயர் இல்லாததா?"
யூஸோ என்று சட்டையில் பெயர் குத்திய பையன்
பதினெட்டு வோல்ட் ஒன்றை என் கையில் திணித்தான்.
விசையை அழுத்தினேன். காற்றைத் துளைத்தது.
காற்று ஒன்றும் சொல்லவில்லை.
"எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்."

எங்கே என்றால் எங்கே, தம்பி?
நாற்பத்தெட்டு சதுர மீட்டர் என் வீடு.
குளியலறையிலிருந்து பால்கனிக்குப் பதினோரு எட்டு.
வழியில் ப்ளக் பாயின்ட் ஏழு.

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்து
நிறுத்தத்தில் நின்றபடி கணக்குப் போட்டேன்.
போன வருடம்
திரைச்சீலைக்கு இரண்டு,
கண்ணாடிக்கு ஒன்று,
தப்பான இடத்தில் ஒன்று,
அதை மறைக்க மாட்டிய படத்துக்கு ஒன்று.
ஆறாவது எதற்கென்று நினைவில்லை,
ஆனால் சுவரில் இருக்கிறது.

துளைக்குப் பத்து நொடி.
ஆண்டுக்கு ஒரு நிமிடம் உழைப்பதற்கு
ஆண்டு முழுக்க அதற்குப் பணிவிடை:
பட்டினி போடாதே, வயிறு முட்டவும் கொடுக்காதே,
குளிரில் வைக்காதே, மறந்துவிடாதே.
அப்படியும் கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு?
ஐந்து வருடம் கழித்து
அந்த பேட்டரி இப்போது வருவதில்லை என்பான்
வேறொரு யூஸோ.

எனக்குத் தெரியும்.
தைஸ்தோ பிரிந்து போனபோது
டிரில் அவனோடு போயிற்று,
சார்ஜர் என்னோடு தங்கிவிட்டது.
ப்ளக்கில் செருகினால் இன்றும் பச்சை விளக்கு எரியும்,
யாரோ வரப்போவதுபோல.
தூக்கிப் போட வேண்டும். போடுவேன்.

பழைய பொருள் சந்தையில் பன்னிரண்டு யூரோ.
ஆரஞ்சு நிறம், என் மகளைவிட வயது அதிகம்,
பூனைக்குட்டி எடை இல்லை, பூனை எடை.
வயரில் ஓரிடத்தில் கறுப்பு டேப்.
செருகியதும் சூடான தூசி வாசனை, ஒரு உறுமல்.
கான்கிரீட், வெண்ணெய் என்று சொல்லமாட்டேன்,
பழைய பாலாடைக்கட்டி.

சனிக்கிழமை, நிலவறையில் அலமாரி மாட்டும் வேலை.
வீட்டுக்கொரு கம்பிக்கூண்டு அங்கே.
ப்ளக் பாயின்ட் மட்டும் எவர் கூண்டிலும் இல்லை.
யூஸோவின் "எங்கே வேண்டுமானாலும்"
இங்கேதான் இருந்திருக்கிறது.

இரண்டாம் மாடிக் கதவைத் திறந்து வைத்து
எக்ஸ்டென்ஷனோடு எக்ஸ்டென்ஷனைக் கோத்து
மாடிப்படி நெடுக இறக்கினேன்.
முதல் மாடி ராய்லா, காய்கறிப் பையோடு,
ஓடை தாண்டுகிறவள்போல் காலைத் தூக்கிக் கடந்தாள்.
பிறகு திரும்பினாள்.
"என்னிடம் வயர் இல்லாதது இருக்கிறதே!
மகன் வாங்கித் தந்தது. பெட்டிகூடப் பிரிக்கவில்லை."
பிரித்தாள். உயிர் இல்லை.
சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன் என்று மேலே ஓடினாள்.

நிலவறை விளக்கு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை
தானாக அணையும்.
இருட்டில் ஒரு துளை, வெளிச்சத்தில் மூன்று.
இருட்டில் போட்டதுதான் நேராக வந்தது.
அலமாரியை ஏற்றி, ஜாம் பாட்டில்களை அடுக்கி
வயரைச் சுருட்டப் போகையில்
ராய்லா மூச்சிரைக்க இறங்கி வந்தாள்,
கையில் ஒரே ஒரு கோடு சார்ஜ்.

"முடிந்துவிட்டதா?"
அந்த முகத்தைப் பார்த்து
முடிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை.
இங்கே ஒன்று போடுங்கள் என்றேன்.
போட்டாள். வயர் இல்லாமல், தடை இல்லாமல்,
சுத்தமாக, வட்டமாக,
அலமாரிக்கு ஒரு சாண் தள்ளி,
எதற்கும் இல்லாமல்.

இருவரும் நின்று பார்த்தோம்.
"ஏதாவது மாட்டலாம்" என்றாள்.
மாட்டலாம் என்றேன்.
விளக்கு அணைந்தது.